வெள்ளிக்கிழமை மட்டும்

ஜூலை 6, சனி

நேற்று நாயகம் என்னைக் கடித்துவிட்டான். வலது மணிக்கட்டுக்கு மேலே நான்கு பல் பதிந்து நீலமாகக் கிடக்கிறது. கடையில் கேட்டவர்களிடம் நாய் என்றேன். ஊசி போட்டாச்சா என்றார்கள். போட்டாச்சு என்று அதற்கும் ஒரு பொய்.

இந்த நோட்டு வீட்டுக்கு வந்த பியூலா டீச்சர் கொடுத்தது. நாயகம் போன திங்கட்கிழமையிலிருந்துதான் அவர்களுடைய பகல்நேர மையத்துக்குப் போகிறான். காலையில் வேன் வந்து கூட்டிப்போகும், நாலரைக்குக் கொண்டுவந்து விடும். தம்பிக்கு முப்பத்தொன்பது வயது. ஆள் வளர்ந்தான், பேச்சு வளரவில்லை. எல்லாமாகச் சேர்த்து ஏழெட்டு வார்த்தை பேசுவான்.

டீச்சர் சொன்னது: “நாயகம் அண்ணன் மிச்சத்தையெல்லாம் கையாலயும் பல்லாலயும்தான் சொல்லுதாங்க அக்கா. என்ன சொல்லுதாங்கன்னு நாமதான் கண்டுபிடிக்கணும். ஒவ்வொரு தடவையும் மூணு விசயம் எழுதுங்க. முன்னால என்ன நடந்துச்சு, அவங்க என்ன செஞ்சாங்க, பின்னால நீங்க என்ன செஞ்சீங்க.”

முதல் இரண்டும் சரி. மூன்றாவது எதற்கு? கடிபட்டவள் என்ன செய்வாள், மஞ்சள் வைத்துக் கட்டுவாள். டீச்சருக்கு என் மேலேயே ஒரு சந்தேகம் போலிருக்கிறது. இருக்கட்டும். பதினேழு வருஷமாக ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் கண்காணிப்பு வேலை பார்க்கிறவள் நான். திருடுகிறவளின் முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். இதையும் கையும் களவுமாகப் பிடித்துவிடுவேன்.

அம்மா ஜூன் மூன்றாம் தேதி தவறினாள். அவள் இருந்தவரை நாயகத்தின் குளியல், சோறு, சவரம் எல்லாம் அவள் பொறுப்பு. அவன் யாரையும் கடித்ததில்லை. காரியம் முடியும்வரை பதினாறு நாள் அவனை அம்பையில் சித்தி வீட்டில் விட்டிருந்தோம். அம்மா திருச்செந்தூருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். குழந்தைப் புத்தி, நாளானால் மறந்துவிடும்.

டீச்சர் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள். கடிப்பது தொடர்ந்தால் மையத்தில் வைத்துக்கொள்ள முடியாதாம். மையம் இல்லையென்றால் என் வேலை போகும், என் வீட்டுக்காரர் நாகர்கோவில் பக்கம் ஏதோ விடுதி இருக்கிறது என்று ஆரம்பிப்பார். நாயகத்தை விடுதியில் தள்ளமாட்டேன் என்று ஆஸ்பத்திரியில் அம்மாவின் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

ஒன்றும் நடக்கவில்லை. இட்லி ஐந்து சாப்பிட்டான்.

ஜூலை 12, வெள்ளி

முன்: வழக்கம்போல் வெள்ளிக்கிழமை வேலைகள். விடியுமுன் வீடு கழுவி, கோலம் போட்டு, அம்மா போடுவது போலவே வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டேன். நாயகம் எழுந்து வந்து புகைக்குள் நின்று மூக்கை உறிஞ்சினான். பிறகு தானாகவே போய்க் குளித்தான். பீரோவில் கை விட்டுத் தீபாவளிக்கு அம்மா எடுத்துக்கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தான். பட்டனெல்லாம் ஒரு ஓட்டை தள்ளி.

நடந்தது: எட்டரைக்கு வேன் வந்தது. ஏற மறுத்தான். நான் இழுத்தேன். இடது கையில் கடித்தான். சாயந்திரம் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தான். சாம்பார் காலண்டர் வரைக்கும் தெறித்தது.

பின்: துடைத்தேன். சமாதானம் சொல்லி ஊட்டிவிட்டேன். அம்மா வெள்ளிக்கிழமை வந்துருவா, சாப்பிடு என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னதும் வாயைத் திறந்தான்.

அந்தச் சட்டையை ஏன் எடுத்துப் போட்டுக்கொள்கிறான் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. மற்ற நாளில் நான் கொடுக்கிற பனியனோடு போகிறவன். அங்கே யாராவது அவன் உடுப்பைக் கழற்றி ஏதும் செய்கிறார்களோ? இத்தனை பட்டன் உள்ள சட்டையாகப் பார்த்து எடுக்கிறானே.

ஜூலை 13, சனி

கடையில் பத்து மணிக்கு, காட்டன் சேலை மடித்துக்கொண்டிருக்கும்போது உறைத்தது. ஐந்தாம் தேதி வெள்ளி. பன்னிரண்டாம் தேதி வெள்ளி. நடுவில் ஒரு நாளும் கடி இல்லை!

மையத்துக்குப் போன் போட்டு, சும்மா கேட்பதுபோல் வேனில் யார் யார் வருவார்கள் என்று விசாரித்தேன். திங்கள் முதல் வியாழன் வரை ஐயப்பன் என்று ஒரு அட்டெண்டர். வெள்ளிக்கிழமை மட்டும் அவருக்கு வேறு வேலை. அன்றைக்கு வேனில் வருகிறவள் மாரித்தங்கம் என்ற ஆயா.

வெள்ளிக்கிழமை மட்டும். அப்படியா சேதி.

ஜூலை 18, வியாழன்

ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டது. கடையில் மூச்சு விட இடமில்லை. இன்றைக்கு இரண்டு பேரைப் பிடித்தேன். ஒருத்தி கைக்குழந்தையின் துணிக்குள் வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து நாயகத்தின் பாயைச் சுருட்டினால் தலையணைக்கு அடியில் மூன்று தேங்காய் பன். ஒன்றில் எறும்பு மொய்க்கிறது. சாயந்திரம் இவர் வாங்கிக்கொடுப்பதைத் தின்னாமல் ஒளித்துவைத்திருக்கிறான். தேங்காய் பன் அவனுக்குப் பிடிக்கவே பிடிக்காது. அம்மாவுக்குத்தான் அதன் மேல் உயிர். பிடிக்காததைக்கூடப் பதுக்கிவைக்கிறான் என்றால் எவ்வளவு பசி இருக்க வேண்டும்! மையத்தில் மத்தியானச் சோறு போடுகிறார்கள் என்றுதான் சொல்கிறார்கள். பரிமாறுகிறவள் யாரென்று கேட்டேன். மாரித்தங்கமாம்.

பன்களைக் குப்பையில் போட்டேன். அவன் பார்த்துவிட்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினான். கடிக்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி

முன்: சாம்பிராணி, நீலச் சட்டை, வாசல்படி. எல்லாம் போன வாரம் மாதிரியே.

நடந்தது: டிரைவரும் நானும் சேர்ந்துதான் ஏற்ற முடிந்தது. இன்றைக்கு மாரித்தங்கத்தை நன்றாகப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும், ஒடிசலான ஆள். கதவுப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். தப்பித்துப் போகாமல் இருக்கத்தானே கதவுப் பக்கம் உட்காருவார்கள்?

சாயந்திரம் வந்தவனுடைய இடது முன்கையில் மூன்று நகக்கீறல். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

பின்: தேங்காய் எண்ணெய் தடவினேன். அம்மா அம்மா என்று கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வழக்கமானதைச் சொல்லி ஊட்டினேன்.

ஜூலை 21, ஞாயிறு

இவர் இன்றைக்குக் கறி எடுத்துவந்தார். கேளாமல் கறி வரும் நாளில் ஏதோ விசேஷம் இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் மெதுவாக ஆரம்பித்தார்.

“ஆவுடை, அந்த நாகர்கோவில் விடுதிய ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வருவமா? சும்மா பாக்கத்தான்.”

“நீங்க முன்னமே போயிப் பாத்துட்டியளா?”

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பஸ் டிப்போவில் வேலை பார்க்கிற மனுஷன் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? மையமும் இவரும் பேசிவைத்துக்கொண்டு செய்கிறார்களோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. எழுதிவிட்டேன், அடித்து அழிக்கப் போவதில்லை. எல்லோருக்கும் நாயகம் இடைஞ்சல். எனக்கும் சில நேரம் இடைஞ்சல்தான், அது வேறு விஷயம்.

ஜூலை 26, வெள்ளி

காலையில் பழைய போனில் ரெக்கார்டரைப் போட்டு, துண்டில் சுற்றி, நாயகத்தின் பையில் மாற்றுத் துணிக்குக் கீழே வைத்தேன். வாசலில் வழக்கமான ரகளை. போயிட்டு வா ராசா, அம்மா வந்துருவா, அக்கா சொன்னாக் கேப்பேல்ல என்று கெஞ்சி ஏற்றினேன். டிரைவரின் காதைப் பிடித்துத் திருகிவிட்டான்.

சாயந்திரம் அடுப்படியில் நின்று கேட்டேன். முதலில் என்ஜின் சத்தம், ஹாரன். நாயகம் “அம்மா, அம்மா” என்கிறான். கதவு தடதடக்கிறது. பிறகு அவள் குரல்.

“உக்காரு ராசா. கதவப் புடிச்சு இழுக்காத.”

கொஞ்ச நேரம் கழித்து, சத்தமாக: “அம்மா வரமாட்டா. சொன்னாக் கேளு. ஒங்க அம்மா வரமாட்டா.”

அதற்குப் பிறகு நாயகம் போட்ட அலறலை எழுத எனக்குத் தெரியவில்லை. நாலு தரம் கேட்டேன். ஐந்தாம் தரம் கேட்க முடியவில்லை.

அம்மா வரமாட்டாளாம்! புத்தி வளராத பிள்ளையிடம் சொல்லுகிற பேச்சா இது? பூச்சாண்டி காட்டினால்கூடப் பரவாயில்லை. இப்படி நெஞ்சில் குத்தி உட்காரவைத்தால் அவன் கடிக்காமல் என்ன செய்வான்? அகப்பட்டுக்கொண்டாள்.

பின்: அவனை மடியில் போட்டுக்கொண்டு, அம்மா கண்டிப்பா வருவா, அடுத்த வெள்ளி வந்துருவா என்று பத்துத் தரம் சொன்னேன். தூங்கிவிட்டான்.

ஜூலை 27, சனி

ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டு மையத்துக்குப் போனேன். நிர்வாகி, பியூலா டீச்சர், மாரித்தங்கம் மூன்று பேரையும் வைத்துக்கொண்டு ரெக்கார்டைப் போட்டேன். கீறல் போட்டோவைக் காட்டினேன்.

“இது ஒங்க குரல்தான?”

“ஆமா.”

“இப்படிச் சொன்னியளா இல்லியா?”

“சொன்னேன். வேற என்ன சொல்லணும்ங்கிய?”

திமிரைப் பாருங்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், இவளிடம் அதுகூட இல்லை. கையிரண்டையும் முந்தானையில் சுற்றிவைத்துக்கொண்டு நேராக என்னைப் பார்த்தாள். கையை மறைக்கிறவர்களை நான் நம்புவதில்லை.

விசாரித்து முடிக்கும்வரை அவள் வேலைக்கு வர வேண்டாம் என்று நிர்வாகி சொல்லிவிட்டார். அவள் சரி என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

பியூலா டீச்சர் மட்டும் இந்த நோட்டை வாங்கிப் பத்தொன்பதாம் தேதிப் பக்கத்தில் நின்றுவிட்டாள். “அக்கா, பின்னால என்ன செஞ்சீங்கங்கிறத சரியாவே எழுதலியே. ‘வழக்கமானதைச் சொல்லி ஊட்டினேன்’னு இருக்கு. என்ன சொல்லுவீங்க?”

“சமாதானம் சொல்லுவேன். வேறென்ன?” என்று நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். தங்கள் ஆள் அகப்பட்டதும் பேச்சைத் திருப்பப் பார்க்கிறாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்றைக்கு வேனில் ஐயப்பன்தான் வந்தார். அப்படியும் ரகளை. பயம் உடம்பில் ஊறியிருக்கிறது, ஒரே வாரத்தில் போய்விடுமா?

ஆகஸ்ட் 9, வெள்ளி

நாயகம் ஐயப்பனின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி உடைத்துவிட்டான். அவர் புருவத்தில் இரண்டு தையல். பாவம், அந்த மனுஷன்.

நிர்வாகி போன் செய்தார். இந்த மாதக் கடைசிவரை பார்ப்பார்களாம். அதற்கு மேல் மன்னிக்க வேண்டுமாம்.

மாரித்தங்கம் இல்லாமலும் நடக்கிறது. அப்படியானால் ஐயப்பனிடமும் சொல்லிவைத்திருக்கிறாளோ? இல்லை, டிரைவரோ? வேனில் எப்போதும் இருக்கிறவன் அவன்தானே. இதை ஏன் முன்னாலேயே யோசிக்கவில்லை. திங்கட்கிழமை அவனைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

இவரிடம் நான் சொல்லவில்லை, ஆனாலும் தெரிந்திருக்கிறது. விடுதியின் விண்ணப்பத் தாள் அவருடைய சட்டைப் பையில் மடித்து இருந்தது. துவைக்கப் போடும்போது பார்த்தேன். திரும்ப அதே மாதிரி மடித்து வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

சுதந்திர தினம், மையம் விடுமுறை. இவருக்கு டியூட்டி. நான் லீவு கேட்டதற்கு மேனேஜர் நாளைக்குக் காலை ஏழு மணிக்கே வந்துவிட வேண்டும் என்ற கண்டிஷனோடு கொடுத்தார். நாளைக்குக் கடைசி ஆடி வெள்ளி, கூட்டம் தாங்காது. அதனால் வெள்ளிக்கிழமை வேலையெல்லாம் இன்றைக்கே முடித்துவிடலாம் என்று வீடு கழுவிச் சாம்பிராணியும் போட்டுவிட்டேன். ஒரு நாள் முன்னால் போட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது.

புகை அடங்குவதற்குள் நாயகம் குளித்து, நீலச் சட்டை போட்டு, வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான்.

நான் கையில் கரண்டியோடு நின்றேன். இன்றைக்கு வெள்ளி இல்லை. வேன் இல்லை. மாரித்தங்கம் இல்லை, ஐயப்பன் இல்லை, டிரைவர் இல்லை. வீட்டில் இருப்பது நானும் அவனும்தான்.

தோசைக்கு வரவில்லை. மத்தியானச் சோற்றுக்கு வரவில்லை. கையில் ஒரு தேங்காய் பன். எப்போது ஒளித்துவைத்ததோ, காய்ந்து கல்லாகிவிட்டிருந்தது. தெருவில் ஆட்டோ வந்து நின்றால் எழுந்து நிற்கிறான். போனால் உட்காருகிறான். பதினொரு தரம் எழுந்தான். நான் எண்ணினேன், எண்ணுவது என் தொழில்.

ஐந்து மணிக்கு விளக்கு ஏற்றினேன். அப்போது அவன் உள்ளே வந்து நிலைப்படியில் தலையை முட்ட ஆரம்பித்தான். ஓடிப்போய் நடுவில் என் கையை வைத்தேன். கை நிலைக்கும் தலைக்கும் நடுவில் நசுங்கியது. பழக்கத்தில் என் வாய் திறந்தது, “அம்மா வெள்ளிக்” என்று பாதி வந்து நின்றுவிட்டது.

நிறைய எழுதிவிட்டேன். மேலே எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஏழு மணிக்குக் கடையில் இருந்தேன். இவர் ஷிப்டை மாற்றிக்கொண்டு நாயகத்தை வேனில் ஏற்றிவிட்டார். எட்டே முக்காலுக்குப் போன்: “ஒண்ணுமே செய்யல ஆவுடை. பனியனோட சமத்தா ஏறி உக்காந்துட்டான். என்ன மாயம் செஞ்ச?”

சாம்பிராணி போடவில்லை. அதுதான் மாயம். அவனுக்குக் கிழமை தெரியாது, எழுத்துத் தெரியாது. புகை வந்தால் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வந்தால் அம்மா வருவாள். அக்கா சொல்லியிருக்கிறாள்.

மத்தியானம் ஸ்டாக் அறையில் உட்கார்ந்து இந்த நோட்டை முதலிலிருந்து வாசித்தேன். எல்லாவற்றையும் நானே என் கையால் எழுதியிருக்கிறேன். அம்மா வந்தால் கொடுக்கப் பன். அவள் எடுத்துக்கொடுத்த சட்டை. அவள் வருகிற நேரத்தில் வீட்டில் இல்லாமல் போய்விடுவோமோ என்று வேன் கதவைப் பிடித்து இழுப்பது. ஒவ்வொரு வெள்ளி ராத்திரியும் அவன் ஏமாந்து கிடக்கும்போது நான் போய் அடுத்த வெள்ளியைக் கொடுத்திருக்கிறேன். ஒருநாளா, இரண்டு நாளா? எட்டு வாரம்.

போட்டோ எடுத்துத் தேடினேன், போன் வைத்துத் தேடினேன். திருடி இங்கே உட்கார்ந்து டைரி எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். அவனை அம்பைக்கு அனுப்பச் சொன்னது சொந்தக்காரர்கள் இல்லை. நான்தான். பாடையைப் பிடித்துத் தொங்குவான், எல்லோர் முன்னாலும் அசிங்கமாகப் போகும் என்று சொன்னவள் நான். ஒரே மகன் உயிரோடு இருக்கச் சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான்.

ஆகஸ்ட் 17, சனி

மாரித்தங்கத்தின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். அவள் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் முறம், இலை, தூள், கத்தரி. மைய வேலைக்கு வருமுன் இதுதான் செய்தாளாம், இப்போது திரும்பவும் இதற்கே வந்துவிட்டாள். என்னைப் பார்த்தும் அவள் விரல் நிற்கவில்லை. உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை. நானாகத் தரையில் உட்கார்ந்தேன்.

“தப்பு எம்மேலதான்” என்றேன்.

“தெரியும்.”

“அந்தக் கீறல்...”

“ஓடுற வண்டியில கதவத் தொறந்துட்டுக் குதிக்கப் போனான். கையப் புடிச்சு இழுத்தேன். நகம் பட்டிருக்கும். விட்டிருந்தா ரோட்டுல கெடந்திருப்பான்.”

ஒரு பீடியை மடக்கி, நூல் சுற்றி, தட்டில் போட்டாள். “ஒவ்வொரு வெள்ளியும் வாசல்ல நின்னு நீங்க சொல்லுவிய, அம்மா வந்துருவான்னு. அவ செத்த விவரம் மையத்துல எல்லாருக்கும் தெரியும். வழியெல்லாம் அவன் அம்மா அம்மாங்கான். நான் என்ன சொல்லட்டும்? நானும் பொய் சொல்லட்டுமா?”

“இத நீங்க எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“நீங்க எங்க கேட்டிய? எங் கையத்தான பாத்துட்டு நின்னிய.”

மன்னிப்புக் கேட்டேன். நிர்வாகியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன், திங்கட்கிழமை உங்களை வரச் சொன்னார் என்றேன். “யோசிக்கேன்” என்றாள். அவ்வளவுதான். காப்பி கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் பியூலா டீச்சருக்குப் போன் செய்தேன். இனி என்ன செய்ய, எப்படிச் சொல்ல என்று கேட்டேன்.

“நேராச் சொல்லுங்க அக்கா. சாமிட்டப் போயிட்டா, தூங்குதா அப்படியெல்லாம் சொல்லாதீங்க, அப்புறம் தூங்கவே பயப்படுவாங்க. செத்துப் போயிட்டான்னு சொல்லுங்க. வரமாட்டான்னு சொல்லுங்க. அடிச்சா அடி படாம தள்ளி உக்காருங்க, ஆனா எழுந்து போயிராதீங்க. ஒரு தடவ சொன்னாப் போதாது. கேக்கும்போதெல்லாம் இதே பதிலச் சொல்லணும்.”

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆற்றங்கரை மயானத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். பொம்பளைகள் அங்கே போவதில்லை. தடுப்பார் என்று நினைத்துப் பதிலையும் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவர் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு, “வா, மூணு பேரும் போவோம், ஆட்டோ பிடிக்கேன்” என்றார். ஆட்டோவில் வைத்துச் சொன்னார்: “விடுதி விடுதின்னு நான் சொன்னது அவனுக்காக இல்ல ஆவுடை. ரெண்டு மாசமா நீ ஒரு பொட்டு அழல. அதப் பாத்துதான் எனக்குப் பயம்.” அந்தத் தாளை எடுத்து வெளியே விட்டெறிந்தார்.

கொட்டகைக்குக் கீழே அந்த சிமெண்டு மேடை கழுவிக் காய்ந்து கிடந்தது. நாயகத்தை அதன் முன்னால் நிறுத்தினேன்.

“நாயகம், அம்மா செத்துப் போயிட்டா. இங்க வச்சுத்தான் எரிச்சோம்.”

“திருச்செந்தூர்.”

“இல்ல. அக்கா பொய் சொன்னேன். அம்மா திருச்செந்தூர் போகல. செத்துப் போயிட்டா.”

“வெள்ளி.”

“வெள்ளிக்கிழமையும் வரமாட்டா. எந்த வெள்ளிக்கிழமையும் வரமாட்டா.”

ஜூன் மூன்றாம் தேதிக்குப் பிறகு செத்துப் போயிட்டா என்ற வார்த்தையை நான் வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை. எல்லோரிடமும் தவறிட்டா, போயிட்டா, காரியம் என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன். சொன்னதும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாயகம் என் தோளில் ஓங்கி அடித்தான். இன்னொரு அடி. மூன்றாவதுக்குக் கையைத் தூக்கியவன், நான் அழுகிற சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றான். அக்கா அழுது அவன் பார்த்ததில்லை. பிறகு அவன் மேடையை ஒரு சுற்று சுற்றிவந்தான். குனிந்து மேடைக்கு அடியில் பார்த்தான். அந்தப் பக்கமும் பார்த்தான். தேடி முடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். மூன்று பேரும் வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தோம்.

ராத்திரி சாப்பிடவில்லை. ஊட்டுவதற்காக ஒன்றும் சொல்லவில்லை. தட்டை மூடிவைத்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நேற்றும் இன்றும் சேர்த்து இருபத்துமூன்று தரம் “அம்மா?” என்றான். இருபத்துமூன்று தரம் செத்துப் போயிட்டா என்றேன். சொல்லச் சொல்ல எளிதாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

சாம்பிராணி போடுவதா வேண்டாமா என்று நேற்றெல்லாம் யோசித்தேன். போட்டேன். வெள்ளிக்கிழமையையே அவனிடமிருந்து ஒளித்துவைத்தால் அது இன்னொரு பொய்.

நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தான். இவ்வளவு சொல்லியும் உட்காருகிறானே. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அம்மா?”

“வரமாட்டா, நாயகம்.”

அவன் தன் கையையே கடித்துக்கொண்டான். ரத்தம் வரவில்லை. நான் துண்டை மடித்துக் கொடுத்தேன், அதைக் கடித்துக்கொண்டு இருந்தான். எட்டரைக்கு வேன் வந்தது. கதவுப் பக்கம் மாரித்தங்கம்! யோசித்து முடித்துவிட்டாள் போலிருக்கிறது. என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அதற்கு மேல் இல்லை. இறங்கி வந்து, இழுக்காமல், நாயகத்துக்கு எதிரே நின்றுகொண்டாள். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டார். இருபது நிமிஷம் யாரும் யாரையும் இழுக்கவில்லை.

நாயகம் எழுந்தான். வேனில் ஒரு காலை வைத்தவன் திரும்பி என்னைக் கைகாட்டி, “அக்கா?” என்றான்.

எனக்குப் புரியவில்லை. “அக்கா இங்கதான இருக்கேன்” என்றேன்.

“நீங்க வருவியளான்னு கேக்கான்” என்றாள் மாரித்தங்கம்.

“வருவேன், ஏழரை மணிக்கு வந்துருவேன்” என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, இத்தனை நாள் அம்மாவை வரவழைத்த அதே குரல், அதே இழுப்பு. நாயகம் என் முகத்தையே பார்த்தான். சந்தேகம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எத்தனையோ பேரை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. ஏறிப் போய்விட்டான்.

ஆவணி முகூர்த்தம் என்று கடையில் பட்டுப் பிரிவு நிரம்பி வழிந்தது. ஏழு மணிக்கு என் வேலை முடிகிறது. ஆறு ஐம்பத்தைந்துக்குப் பார்த்தேன்: சந்தனக் கலர் சுடிதார் போட்ட ஒருத்தி, நல்ல வசதியான வீட்டுப் பெண்ணாகத் தெரிந்தாள், பச்சைப் பட்டு ஒன்றை மடித்த மடிப்போடு தோள்பையில் இறக்கினாள். சுத்தமான கை, விரல் நடுங்கவே இல்லை. பிடித்தால் மேனேஜர் அறை, சிசிடிவி, எழுதி வாங்குவது, அவள் புருஷன் வந்து சத்தம் போடுவது. ஒன்பதுக்குக் குறையாது.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். நான் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரு நொடி அப்படியே நின்றோம். நான் அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். பதினேழு வருஷத்தில் பார்த்தும் விட்டது இதுதான் முதல் தடவை. நாளைக்கு மேனேஜர் கேட்டால் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. முருகன்குறிச்சியில் நெரிசல். இறங்கி ஓடினேன். நாற்பத்தேழு வயதில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுரோட்டில் ஓடினேன்.

வாசல்படியில் இருந்தான். பக்கத்தில் இவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவைத்திருந்தார். ஏழு இருபத்தெட்டு. நாயகம் எழுந்து நின்று என்னை மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்தான். பிறகு உள்ளே போய்த் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.